புள்ளடியும் கையெழுத்தும்

போன செவ்வாய்க்கிழமை மாலை ஆறு இருபதுக்கு என் வீட்டு அழைப்புமணி அடித்தது.

நேரம் எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்று கேட்கமாட்டீர்கள். இந்தப் பத்தியை வாரம் தவறாமல் படிக்கிறவர்களுக்கு என் டைரியைத் தெரியும். யார் வந்தார்கள், எத்தனை மணிக்கு வந்தார்கள், வெளியே மழையா வெயிலா... எல்லாம் அதில் இருக்கும். மலேசியாவிலிருந்து படிக்க வந்த காலத்தில் தொடங்கிய பழக்கம். படிப்பு முடிந்தது, வேலை கிடைத்தது, லண்டன் மனோர் பார்க்கில் ஒரு வீடும் வாங்கியாயிற்று. டைரி மட்டும் நிற்கவில்லை.

கதவைத் திறந்தேன். பக்கத்து வீட்டு மலர். கையில் கவுன்சிலிலிருந்து — எங்கள் உள்ளாட்சி அலுவலகத்திலிருந்து — வந்த நீளமான கவர்.

"அண்ணை, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ. இவரின்ரை பேருக்கு வந்திருக்கு."

'இவர்' என்றால் அவருடைய கணவர் குகதாசன். அவர் இறந்து அன்றோடு ஆறு வாரம்.

வாசலில் நின்றபடியே பிரித்தேன். ஒரே ஒரு பக்கம். மரியாதையான ஆங்கிலம். மே மாதத் தேர்தலில் நீங்கள் தபாலில் அனுப்பிய வாக்கு எண்ணப்படவில்லை. காரணம் — வாக்கோடு நீங்கள் அனுப்பிய கையெழுத்து, எங்கள் பதிவில் உள்ள உங்கள் கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை.

இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை படிப்பதுபோல் நின்றுகொண்டிருந்தேன்.

"என்னவாம் அண்ணை?"

"ஒன்னும் இல்லம்மா. வோட்டர் லிஸ்ட் விஷயம். நான் பார்த்துக்கிறேன்."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். நான் உள்ளே வந்து டைரியைத் திறந்தேன். '6.20. மலர். கவுன்சில் கடிதம்.' அதற்கு மேல் பேனா நகரவில்லை. பிறகு எழுதினேன்: 'பொய் சொன்னேன்.'

ஏன் சொன்னேன்? அதைச் சொல்வதற்கு மார்ச் மாதத்துக்குப் போகவேண்டும்.

குகன் அண்ணனுக்கு ஐம்பத்தேழு வயது. என்னைவிட மூன்று வயது மூத்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து பத்தொன்பது வயதில் கிளம்பி, பிரான்ஸில் இருபது வருடம் இருந்து, அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்த கையோடு லண்டனுக்கு வந்தவர். இங்கேயும் குடியுரிமைக்குப் பரீட்சை எழுதி, காத்திருந்து, போன வருடம்தான் பாஸ்போர்ட் கைக்கு வந்தது. ஆக, ஊரில் வாக்களிக்கும் வயது வந்தபோது வாக்களிக்கும் நிலைமை இல்லை. பிரான்ஸில் உரிமை வந்தபோது அவர் அங்கே இல்லை. இங்கே பாஸ்போர்ட் வரும்வரை வாக்குப் பக்கமே போகவில்லை. ஐம்பத்தேழு வருடத்தில் ஒரு தேர்தலிலும் அவர் வாக்களித்ததில்லை!

என்னை அவர் 'டயறித் தம்பி' என்றுதான் கூப்பிடுவார். வேலி ஓரம் நின்று, "டயறித் தம்பி, போன கிழமை எங்கடை குப்பை எடுத்தவங்களோ? ஒருக்காப் புரட்டிப் பாரும்" என்பார். கிண்டல்தான். ஆனால் நான் உண்மையிலேயே புரட்டிப் பார்ப்பேன்.

மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். வந்ததும் வராததுமாக ஒரு கேள்வி.

"தம்பி, வோட் போட ஒரு மணித்தியாலம் லீவு தரவேணும் எண்டு இந்த நாட்டிலை சட்டம் இருக்கோ?"

அவருக்கு இரண்டு வேலை. காலை ஆறரையிலிருந்து ஒரு மணி வரை ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குவது. இரண்டிலிருந்து இரவு பத்து வரை, ஹோட்டல்களின் படுக்கை விரிப்பு வெளுக்கிற ஒரு சலவைத் தொழிற்சாலை. இரண்டுக்கும் இடையில் ஒரு மணி நேரம். அது பஸ்ஸுக்கே சரியாகிவிடும். இந்த நாட்டில் தேர்தல் எப்போதும் வியாழக்கிழமை. காலை ஏழிலிருந்து இரவு பத்து வரை வாக்குச்சாவடி திறந்திருக்கும். பதினைந்து மணி நேரம்! குகன் அண்ணனுக்கு மட்டும் அதில் ஒரு மணி நேரம் கிடையாது.

சலவைத் தொழிற்சாலையின் சூப்பர்வைசரும் தமிழர்தான். அவரிடம் கேட்டதை எனக்கு நடித்தே காட்டினார்.

"அவன் சொல்லுறான், 'அண்ணை, வியாழக்கிழமை எண்டா துணி மலை மாதிரி வந்து குவியும். உங்களுக்கு விட்டா எல்லாருக்கும் விடவேணும்.' நான் சொன்னன், 'எல்லாரும் போய்ப் போடட்டுமன்.' 'எல்லாரும் வோட் போடப் போனா ஆர் அண்ணை துணி மடிக்கிறது?' எண்டு கேக்கிறான்."

நான் இணையத்தில் தேடிப் பார்த்தேன். ஒரு மணி நேரம் தேடினேன் — அவருக்குக் கிடைக்காத அதே ஒரு மணி நேரம். அப்படிச் சட்டம் இல்லை. முதலாளி மனம் வைத்தால் உண்டு.

"மெய்யே? இலங்கையிலை கூடச் சம்பளத்தோடை லீவு குடுக்கினம். மலேசியாவிலை?"

"குடுக்கணும் அண்ணே. சட்டம் இருக்கு."

"இந்தியாவிலை?"

"அங்கயும் லீவுதான்."

"அப்ப எங்களுக்குத் தேர்தல் நடத்தப் பழக்கினவங்கள்தான் லீவு குடுக்கப் பழகேல்லை" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு என் டைரியில் இருக்கிறது. 'கு. அண்ணன் சிரித்தார்' என்று.

வேறு வழிகளைச் சொன்னேன். உங்களுக்குப் பதிலாக வேறொருவர் போய்ப் போடலாம், மலரையே அனுப்பலாம் என்றேன்.

"முதன்முதலாப் போடுற வோட்டை வேறை ஆள் போடுறதோ? கலியாணத்துக்கு மாப்பிளைக்குப் பதிலா ஆள் அனுப்பின மாதிரி."

சரி, தபால் வாக்கு? வாக்குச்சீட்டு வீட்டுக்கே வரும். முன்கூட்டியே போட்டு அனுப்பிவிடலாம். அரை மனதோடு சம்மதித்தார். நூலகத்தில் விண்ணப்பப் படிவம் கிடைக்கும் என்று சொன்னேன். அவரே போய் எடுத்து, அவரே நிரப்பி, அவரே அனுப்பிவிட்டார். அப்போது நான் பக்கத்தில் இல்லை. இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரலில், மற்றொரு ஞாயிறு. மாலை நாலு மணி. வெயில். தபாலில் வந்த உறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். என் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு எல்லாவற்றையும் வரிசையாக வைத்தேன். வாக்குச்சீட்டு. அதை வைக்கும் சின்னக் கவர். பிறந்த தேதியும் கையெழுத்தும் இடவேண்டிய தாள். எல்லாவற்றையும் போட்டு அனுப்பும் பெரிய கவர்.

எங்கள் வட்டாரத்துக்கு மூன்று கவுன்சிலர்கள். ஆளுக்கு மூன்று வாக்கு வரை போடலாம் என்றேன். நிமிர்ந்து பார்த்தார்.

"மூண்டு புள்ளடியோ? ஒண்டுக்கே வழியில்லாமல் இருந்தவனுக்கு மூண்டா!"

புள்ளடி என்பது இலங்கைத் தமிழ்ச் சொல். வாக்குச்சீட்டில் இடும் பெருக்கல் குறி. புள் என்றால் பறவை. பறவையின் காலடித் தடம் மாதிரி இருப்பதால் புள்ளடி. முப்பது வருடம் இங்கே இருந்து நான் எத்தனையோ முறை அந்தக் குறியைப் போட்டிருக்கிறேன். அதற்குத் தமிழில் இவ்வளவு அழகான பெயர் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"கோட்டிலை முட்டக்கூடாது. முட்டினா செல்லாது எண்டு ஊரிலை அப்பா சொல்லுறவர்" என்றார்.

இங்கே அவ்வளவு கண்டிப்பு இல்லை என்று சொல்ல வாயெடுத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன். வாக்கு ரகசியமாயிற்றே — நான் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். மூன்று புள்ளடி போட ஏழு நிமிடம் ஆயிற்று. ஒவ்வொன்றுக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டார். விடுகிற மூச்சு எனக்குக் கேட்டது.

பிறகு அந்தத் தாள். பிறந்த தேதிக் கட்டத்தில் பலர் அன்றைய தேதியை எழுதிவிடுவார்கள், வாக்கு வீணாகிவிடும். அதைத்தான் நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தேன். சரியாக எழுதினார். அடுத்தது கையெழுத்து. பேனாவைக் கட்டத்துக்கு மேலே கொண்டுபோய், 'கு' என்று காற்றில் ஒரு சுழி சுழித்தார்.

"அண்ணே, அண்ணே... இருங்க. பாஸ்போர்ட்ல எப்படிப் போட்டிருக்கீங்க?"

"அது இங்கிலீசிலை. பாங்க், லைசென்ஸ் எல்லாத்திலையும் அதுதான். பிரான்ஸிலை பழகினது."

"அப்ப இதுலயும் அதையே போடுங்க. எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும் இல்லையா?"

"தமிழிலை போட்டா ஏற்கமாட்டினமோ?"

"அதுக்கில்ல அண்ணே. ஒரே மாதிரி இருந்தா பிரச்சினை வராது."

கொஞ்சம் யோசித்தார். "டயறித் தம்பி சொன்னா அது சட்டம்" என்றார். ஆங்கிலத்தில் போட்டார்.

டைரியைப் பார்க்கிறேன். என் கையெழுத்தேதான். 'கு. அண்ணன் தபால் வாக்கு. பிறந்த தேதி சரி. கையெழுத்து சரி. கவர்கள் சரி. 4.40-க்குத் தபால்பெட்டி.'

தெருமுனைச் சிவப்புப் பெட்டிக்கு இரண்டு பேரும் நடந்தே போனோம். கவரை உள்ளே விட்டுவிட்டுக் காதை வைத்துக் கேட்டார்.

"சத்தமே இல்லாமல் விழுந்திட்டுது. விரலிலை மையும் பூச மாட்டினமாம். வோட் போட்டது எண்டு ஆர் நம்புவினம்?"

தேர்தல் நாள் வியாழக்கிழமை மலர் பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடிக்குப் போய் நேரில் வாக்களித்தார். குகன் அண்ணன் காலையிலேயே இடதுகைச் சின்ன விரலில் நீல மார்க்கர் பேனாவால் கோடு போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். யாராவது கேட்டால், "மூண்டு போட்டனான்" என்று விரலைக் காட்டுவாராம். சலவைத் தண்ணீரில் அது இரவுக்குள் போய்விட்டது.

பத்து நாள் கழித்து, அவர் வீட்டுக்கு எதிரே நெடுங்காலமாக எரியாமல் இருந்த தெருவிளக்கை கவுன்சில்காரர்கள் வந்து மாற்றினார்கள்.

அவ்வளவுதான். பிடித்துக்கொண்டார்! "பாத்தீரோ டயறித் தம்பி? என்ரை புள்ளடி வேலை செய்யுது." குப்பை நேரத்துக்கு எடுத்தால் புள்ளடி. நடைபாதைக் கல்லைச் சரிசெய்தால் புள்ளடி. "இன்னும் ரெண்டு புள்ளடி மிச்சம் கிடக்கு. பொறும், றோட்டும் போட்டுத் தருவினம்." மலர் ஜன்னலிலிருந்து, "ஓமோம், இனி மழையும் இவரின்ரை வோட்டிலைதான் பெய்யும்" என்பார்.

ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, கிடங்கிலிருந்து சலவைத் தொழிற்சாலைக்குப் போகும் பஸ்ஸில், உட்கார்ந்தபடியே இறந்துபோனார். மாரடைப்பு. மணி ஒன்றரை இருக்கும் என்றார்கள். இரண்டு வேலைக்கும் நடுவில் இருந்த அந்த ஒரு மணி நேரம்.

இறுதிச்சடங்குக்குச் சூப்பர்வைசர் வந்திருந்தார். தொழிற்சாலை வேனில் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு வந்தார். எல்லாருக்கும் இரண்டு மணி நேரம், சம்பளத்தோடு. கெட்ட மனிதர் இல்லை. குழந்தை மாதிரி அழுதார். "கேட்ட அண்டைக்கு விட்டிருக்கலாம்" என்று என்னிடம் சொன்னார். நாம் எல்லாருமே இப்படித்தானே? இருப்பவர் கேட்கும் ஒரு மணி நேரம் நம்மிடம் இருக்காது. போனவருக்கு எங்கிருந்தோ இரண்டு மணி நேரம் வந்துவிடும்.

அன்றைக்கு மனதுக்குள் அந்தச் சூப்பர்வைசரை நான் கொஞ்சம் குற்றம் சொல்லிக்கொண்டுதான் நின்றேன். குற்றம் சொல்லும் தகுதி எனக்கு இருந்ததாக நினைத்தேன். சில வாரம் கழித்து அந்தக் கடிதம் வந்தது.

இப்போது புரிகிறதா, செவ்வாய்க்கிழமை நான் ஏன் பொய் சொன்னேன் என்று?

புதன்கிழமை முழுக்க அலுவலகத்தில் இருந்தேன், வேலை ஓடவில்லை. அவர் விண்ணப்பத்தில் எப்படிக் கையெழுத்துப் போட்டார் என்று நான் ஏன் கேட்கவில்லை? கவுன்சில் ஒப்பிட்டுப் பார்ப்பது அந்தக் கையெழுத்தோடுதான். பாஸ்போர்ட்டைக் கேட்டேன். எல்லாம் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்றேன். எதோடு ஒரே மாதிரி என்பதை மட்டும் கேட்கவில்லை. வாழ்நாளெல்லாம் சரிபார்த்தே பழகியவன், தவறான தாளோடு சரிபார்த்துவிட்டேன்.

வியாழக்கிழமை மாலை ஏழு ஐந்துக்கு மலர் வீட்டுக்குப் போனேன். கடிதத்தை மேசைமேல் வைத்தேன்.

"செவ்வாய்க்கிழமை உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்மா."

முழுவதையும் தமிழில் வாசித்துச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அப்ப இவரின்ரை புள்ளடி...?"

"எண்ணலம்மா."

"மூண்டுமோ?"

"மூணும்."

"தப்பு என்னோடது" என்றேன். "அவர் தமிழ்லதான் போடப் போனார். நான்தான் தடுத்தேன்."

மலர் மேசைவிரிப்பின் ஓரத்தை மடித்தார், பிரித்தார். "எனக்குத் தெரியும் அண்ணை. அண்டைக்கு வந்து சொன்னவர். ஃபோமிலை தமிழிலைதான் போட்டவராம். 'மற்ற எல்லாத்துக்கும் அவங்கடை எழுத்திலை போட்டாச்சு, இதுக்கெண்டாலும் என்ரை எழுத்திலை போடுவம்' எண்டு. பிறகு உங்கடை வீட்டிலை இங்கிலீசிலை போட்டிட்டு வந்து, 'தம்பி சரியாத்தான் சொல்லியிருப்பான். ஆனா பாக்க அது நானில்லை மாதிரிக் கிடந்தது' எண்டவர்."

அது நானில்லை மாதிரி. கவுன்சிலும் அதையேதான் எழுதியிருந்தது — ஒரு பக்கம், மரியாதையான ஆங்கிலத்தில்.

வெளியே அந்தத் தெருவிளக்கு. இன்னும் வெளிச்சம் இருந்ததால் அது எரியவில்லை. மலர் அதைப் பார்த்தார்.

"அப்ப இந்த லைற் ஆரின்ரை வோட்டிலை வந்தது அண்ணை?"

"உங்க வோட்டா இருக்கும்மா. உங்களோடதை எண்ணியிருக்காங்க."

சட்டென்று சிரித்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டார்.

"நான் மற்றப் பக்கத்துக்கெல்லோ போட்டனான்! இவருக்குச் சொல்லேல்லை. இவர் ஆருக்கெண்டு வந்து சொன்னவர். நான் ஓம் ஓம் எண்டு தலையாட்டிப்போட்டு, போய் மூண்டையும் மாத்திப் போட்டனான். பிறகு ஒரே மனவருத்தம். இவர் அவ்வளவு ஆசையாப் போட்ட மூண்டையும் என்ரை மூண்டும் வெட்டிப்போடும் எண்டு. ரெண்டும் கழிஞ்சு ஒண்டுமில்லாமல் போகும், அப்பிடித்தானே அண்ணை?"

"ஆமா... ஒரு கணக்குக்கு அப்படித்தான்."

"இப்ப அதுவும் இல்லை." சிரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை. "இப்ப என்ரை மட்டும் தனிய நிக்குது."

எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம்? டைரியில் இல்லை.

கடிதத்தோடு இன்னொரு துண்டும் இணைத்திருந்தார்கள். அடுத்த தேர்தலில் உங்கள் வாக்கு எண்ணப்பட வேண்டும். ஆகவே புதிய மாதிரிக் கையெழுத்தை இந்தக் கட்டத்துக்குள் இட்டு அனுப்புங்கள். கீழே வெறும் வெள்ளைக் கட்டம். நாலு பக்கமும் கறுப்புக் கோடு.

"இதுக்கு என்ன செய்யிறது அண்ணை?"

"அவர் இல்லைன்னு கவுன்சிலுக்கு நான் தனியா எழுதுறேன்மா. லிஸ்ட்லேர்ந்து பேரை எடுத்துடுவாங்க. இதைக் குறுக்கே அடிச்சுட்டுக் கூட வச்சு அனுப்பலாம்."

"பேனையைத் தாங்கோ."

கொடுத்தேன். பழக்கதோஷம், எட்டிப் பார்க்கப் போனேன். பிறகு என்ன தோன்றியதோ, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் மூச்சைப் பிடிப்பது கேட்டது. விடுவது கேட்டது.

திரும்பினேன். கட்டத்துக்குள் ஒரே ஒரு புள்ளடி.

கோட்டில் எங்கும் முட்டவில்லை.